இடது காது

அப்பாவின் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு அந்தப் பெட்டியை அவள் வெளியே இழுத்தபோது கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. பிணத்தின் பையில் எதைத் தேடுகிறாள் என்று எட்டிப் பார்த்தார்கள். வெளியே வந்தது புது சிகரெட் பெட்டி. மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

"யார் வெச்சது இது?"

எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். கட்டிலின் தலைமாட்டில் சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அப்பாவுக்கு ஒரே தம்பி. அப்பாவின் தச்சுப் பட்டறைக்கு எதிரிலேயே டயர் கடை வைத்திருப்பவர். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அந்த அழுகை பொய் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நான்தாம்மா வெச்சேன். அந்தப் பை காலியா இருந்து நான் பார்த்ததே இல்ல. வெறும் பையோட அனுப்ப மனசு வரல."

"எடுத்துக்குங்க."

"இருக்கட்டும் பாப்பா. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க?"

"தொட்டில்ல கெடந்தப்போ யாரு பத்த வெச்சுக் குடுத்தா? நீங்க அப்போ பொறக்கக்கூட இல்லையே."

மூலையில் யாரோ ஒரு பெண் உச்சுக் கொட்டினாள். செத்த வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று அதற்கு அர்த்தம். அவள் அதைச் சட்டை செய்யவில்லை. பெட்டியைச் சித்தப்பாவின் கையில் திணித்து, அவர் விரல்களை மேலே மடக்கி அழுத்தினாள். உள்ளே எதுவோ நசுங்குவது இருவருக்கும் தெரிந்தது.

அப்பா தானே செய்த கட்டிலில் படுத்திருந்தார். தலை வலது பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. நேராக வைத்தாலும் நிற்கவில்லை. யாரோ ஒரு துண்டை மடித்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். காலடியில் அம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கட்டிலின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அம்மா யாரோடும் பேசவில்லை.

சித்தப்பா பெட்டியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்றவரிடம் குரலைத் தாழ்த்தினார். அவள் காதில் விழாதபடி அல்ல, விழும்படி தாழ்த்தினார்.

"நல்லாத்தான் இருந்தார். விடச் சொன்னாங்க, விட்டார். அஞ்சாவது வாரம் போயிட்டார். பழகின உடம்பு, தடாலடியா நிறுத்தினா தாங்குமா?"

பக்கத்தில் நின்றவர் தலையாட்டினார். அவருக்குப் பக்கத்தில் நின்றவரும் ஆட்டினார். நேற்றிலிருந்து இதே பேச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வந்து சேரும் முன்பே இந்த வாக்கியம் வீட்டுக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. வருகிறவர்கள் அப்பாவைப் பார்ப்பார்கள், அம்மாவைப் பார்ப்பார்கள், கடைசியில் அவளைப் பார்ப்பார்கள். அந்தக் கடைசிப் பார்வையின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். நீதானே விடச் சொன்னாய்?

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். இதயத்துக்குப் போகிற ரத்தக்குழாய் பல வருஷமாக அடைத்துக்கொண்டு வந்திருக்கிறது, நாலைந்து வாரத்தில் வருவதல்ல இது, விட்டது நல்லதுதான், ரொம்பத் தாமதமாக விட்டார் என்றார். அதை அவள் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தாள். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது என்றும் சொன்னாள். யாருக்கும் ஏறவில்லை. புகைதான் கொன்றது என்றால் அங்கே நின்ற பாதிப் பேர் வீட்டுக்குப் போய்ப் பயப்பட வேண்டியிருக்கும். விட்டதுதான் கொன்றது என்றால் வாசலுக்குப் போய் நிம்மதியாக ஒன்று பற்ற வைக்கலாம். வாசலில் நாலு பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்து அப்பாவின் முகத்துக்கு மேலே நின்றது.

அவள் எழுந்து போய் ஜன்னலை அறைந்து சாத்தினாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. நாள் முழுக்க மூன்று வார்த்தைதான் பேச்சு. மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. அதற்கே அப்பா அவளுக்கு 'டாக்டரம்மா' என்று பட்டம் கட்டியிருந்தார். இருமல் நிற்கவில்லை என்று ஒருநாள் இழுத்துக்கொண்டு போய் அவரையே எக்ஸ்ரே தட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். இழுத்தார். பிடிக்க முடியவில்லை. இருமலில் உடம்பு ஆடி, படம் கலங்கிப் போனது. மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறை எப்படியோ எடுத்தாள். புற்று எதுவும் இல்லை, ஆனால் நுரையீரல் பாழாகிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கே விட்டாக வேண்டும் என்றார் டாக்டர்.

அன்று மாலையே வீட்டிலிருந்த சாம்பல் கிண்ணங்களை எல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு, ஒரு பெரிய சண்டைக்குத் தயாராக அப்பாவின் எதிரில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். "சரி, டாக்டரம்மா" என்றார். அவ்வளவுதான். வரிந்து கட்டிக்கொண்டு வந்தவளிடம் சரி என்று சொன்னால் அவள்தான் என்ன செய்வாள்? அழுதுவிட்டாள்.

சரி என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அதற்குப் பிறகு வந்ததுதான் வாழ்க்கை.

காலையில் ஒன்று ஊதாமல் அவருக்கு வயிறு இளகாது. கக்கூஸ் கதவுக்கு வெளியே நின்று கதவை முறைத்துக்கொண்டிருப்பார். தேநீர் குடித்து முடித்ததும் கைக்கு வேலை இல்லாமல் போகும். அதனால் தேநீரையே நிறுத்தினார். தேநீரை நிறுத்தியதால் தலைவலி. தலைவலியால் மின்விசிறி சத்தம் போட்டது, ரேடியோ கத்தியது, அம்மா நடப்பது இடித்தது. தூங்கவில்லை. தூங்கினவர்களையும் விடவில்லை. விட்ட பிறகுதான் இருமல் அதிகம் என்று அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். உள்ளே கிடந்த அழுக்கு வெளியே வருகிறது, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னால், "உன் வாயில இருந்துதான்டி அழுக்கு வருது" என்றார்.

இரண்டாவது வாரம் நாக்குக்கு ருசி திரும்பியது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "என்ன இது, உப்பு மண்டியா? இத்தனை வருஷமா இப்படியா போட்டுட்டு இருந்தே?" என்று அம்மாவிடம் கத்தினார். அவருடைய மரத்த நாக்குக்கு உறைக்க வேண்டுமே என்று உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, தன் நாக்கையும் மகளின் நாக்கையும் அதற்குப் பழக்கி வைத்திருந்தவள் அம்மா. மறுநாள் முதல் குறைத்துவிட்டாள். அம்மாவும் மகளும் சப்பென்று சாப்பிட்டார்கள்.

நல்ல நாளும் ஒன்று வந்தது. பட்டறையிலிருந்து ஒரு மரச்சுருளைக் கொண்டுவந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டி, "மோந்து பாரு. மரத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் தனி வாசனை. மறந்தே போயிட்டேன்டி" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெட்கம்.

காதுதான் அவருக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. வலது காதில் பென்சில், இடது காதில் அடுத்த சிகரெட் என்று வாழ்ந்தவர். இடது காது காலியாக இருந்தால் தலை ஒரு பக்கமாகச் சாய்கிறது, கோடு கோணலாகப் போகிறது என்றார். அதனால் இரண்டு காதிலும் பென்சில் வைத்துக்கொண்டார். பட்டறையில் வேலை செய்யும் பாலீஷ்காரர், "அண்ணனுக்கு ரெண்டு கொம்பு முளைச்சிருச்சு, முட்டாம இருந்தா சரி" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். இடது காதுப் பென்சில் எழுதுவதற்கு அல்ல, கடிப்பதற்கு. ஆசை வரும்போது அதை வாயில் வைத்து நறநறவென்று கடிப்பார். பல்லிடுக்கில் சிராய் குத்தி ரத்தம் வந்திருக்கிறது.

அப்புறம் அந்தக் கதவு. யாரோ ஒருவரின் புது வீட்டில், குளியலறைக் கதவுக்குக் கீலை இந்தப் பக்கம் வைப்பதற்குப் பதிலாக அந்தப் பக்கம் வைத்துவிட்டார். கதவைத் திறந்தால் வாஷ்பேசினில் போய் இடித்தது. தொழிலுக்குப் புதிதாக வந்தவன்கூடச் செய்யாத தப்பு. வீட்டுக்காரர் நல்ல மனிதர், கோபப்படவில்லை, சிரித்தாராம். கதவைக் கழற்றிப் பட்டறையில் போட்டுவிட்டு, அந்தச் சிரிப்பை மனசில் சுமந்தபடி அப்பா வீட்டுக்கு வந்தார்.

"உன்னாலதான்" என்றார் வாசலிலேயே. "புத்தி நிக்கல. கை நிக்கல. என் தொழிலையே பிடுங்கிட்டே."

அவளும் அன்று நாள் முழுக்க நின்றே வேலை செய்துவிட்டு வந்திருந்தாள். அவளுக்கும் ஐந்து வாரமாகத் தூக்கமில்லை. அவர் சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் ஏறிக்கொண்டே போனது. கையில் கிடைத்த தம்ளரை அவர் சுவரில் வீசினார். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"போ. போய் ஊது. ஊதியே செத்துத் தொலை."

அப்பாவிடம் அவள் ஒருமையில் பேசியது அன்றுதான் முதல் தடவை. அவர் அவளையே பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது அவள் கதவைச் சாத்திப் படுத்திருந்தாள். காலையில் அவள் எழுவதற்கு முன்பே பட்டறைக்குப் போய்விட்டார். பிறகு அவள் அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில், அவள் வேலை செய்யும் அறைக்கு இரண்டு கதவு தள்ளி.

அந்த ஆறு வார்த்தையும் அவள் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தன. யார்மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. சித்தப்பாமேல், வாசலில் ஊதுகிறவர்கள்மேல், இப்படித் திரும்பிச் சண்டை போட வழியில்லாமல் போய்ப் படுத்துக்கொண்ட இந்த மனிதர்மேல். பிடித்துக்கொள்ள அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஜெயித்துவிட்டுத்தான் போனார். ஊதாதவராகப் போனார். அதை யாரும் தொடக் கூடாது.

சித்தப்பா அதையும் தொட்டார்.

வண்டி வர நேரமாகும் என்று தெரிந்ததும் அவள் அருகில் வந்து நின்றார். குரலில் இப்போது உண்மையான இரக்கம் இருந்தது. "பாப்பா, உன் மேல பழி போடணும்னு நான் பேசல. நீ நினைக்கிற மாதிரி அவர் கட்டுப்பாடாவும் இல்லம்மா. முந்தாநாள் சாயங்காலம் கடைக்கு வந்தார். மூஞ்சியே சரியில்ல. என்கிட்ட ஒண்ணு வாங்கிட்டுப் போனார். கேட்டா குடுக்காம இருக்க முடியுமா? அண்ணன் இல்லையா?"

அவள் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"அதனாலதான் சொல்றேன். அந்தப் பெட்டி அவர் பையில இருந்துட்டுப் போகட்டும். அவர் ஆசைப்பட்டதுதான்."

"தள்ளுங்க" என்றாள். அவர் தள்ளுவதற்குள் இடித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

போய் ஊது என்றாள். போய் ஊதிவிட்டார். ஐந்து வாரமாக அவள் சகித்தது, அம்மா உப்பில்லாமல் சாப்பிட்டது, அவர் வாயில் ரத்தம் வந்தது, எல்லாம் ஒரே சிகரெட்டில் புகையாகப் போயிற்று. சொன்ன பேச்சை ஒருநாளும் கேட்காத மனிதர், இந்த ஒரு பேச்சை மட்டும் கேட்க வேண்டுமா? துவைக்கும் கல்லின் மேலிருந்த வாளியை எட்டி உதைத்தாள். அது உருண்டு போய் யாரோ ஒருவரின் காலில் முட்டி நின்றது.

பாலீஷ்காரர். மதிலோரமாக நின்றிருந்தார். காலையிலிருந்து இப்படித்தான். உள்ளே வருவதில்லை, போவதும் இல்லை. சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு இங்கும் அங்கும் நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கை பையை இன்னும் இறுகப் பொத்தியது.

"நீங்களும் கொண்டுவந்துட்டீங்களா? எடுங்க வெளிய. அந்த மனுஷனைச் செத்த பிறகும் நிம்மதியா விட மாட்டீங்களா நீங்க எல்லாரும்?"

"ஐயோ, அது இல்லம்மா."

"பையில என்ன?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாள் துண்டு ஒன்றை மடித்தபடியே வெளியே எடுத்தார். பிரித்தார். உள்ளே ஒரு சிகரெட். காது வளைவுக்கு வளைந்து, மரத்தூள் ஒட்டி, லேசாகப் பழுத்திருந்தது. நுனி வெள்ளையாக இருந்தது. நெருப்பு படவே இல்லை.

"அண்ணன் விழுந்தப்போ காதுல இருந்து விழுந்துச்சு. நான்தான் எடுத்து வெச்சேன். தூக்கிப் போட மனசு வரல. உங்ககிட்ட காட்டினா தப்பா எடுத்துப்பீங்களோன்னு பயம். அதான் இப்படியே சுத்திட்டு இருக்கேன்."

"சித்தப்பாகிட்ட வாங்கினது இதுவா?"

"இதுதாம்மா. நேத்துக் காலைல நான் வரும்போதே அந்தக் குளியலறைக் கதவைப் போட்டு வேலை பார்த்துட்டு இருந்தார். காதுல இது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என்னண்ணே, விரதம் முடிஞ்சுதான்னு கேட்டேன். 'போடா, இந்தக் காதுப் பென்சிலைத் தின்னே தீர்த்துட்டேன். காது காலியா இருந்தா மறுபடியும் கோணலாப் போயிடும். அதுக்கு முட்டுக் குடுத்திருக்கேன்'னார்."

"பத்த வைக்கலையா?"

"நானும் அதத்தாம்மா கேட்டேன்." அவர் தயங்கினார். "சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"'என் பொண்ணு ஊதியே செத்துத் தொலைன்னு சொல்லிட்டாடா. நான் ஊதாமலே செத்துக் காட்டறேன், பாரு'ன்னார். சொல்லிட்டுச் சிரிச்சார்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சார். கோவத்துல ஒரு சிரிப்பு சிரிப்பார்ல, அது. அப்புறம் இழைக்க ஆரம்பிச்சிட்டார். இழைக்கும்போது வாய்க்குள்ளயே முணுமுணுப்பார், இழுங்க, புடிங்க, விடுங்கன்னு. உங்களைக் கேலி பண்றதா நினைச்சுதான் ஆரம்பிச்சார். கடைசில அதுவே பழக்கமாயிடுச்சு. பழைய கீல் பள்ளத்தை அடைச்சு, இந்தப் பக்கம் புதுசா வெட்டி, கீல் வெச்சு முடிச்சிட்டார். நிமிர்ந்து தண்ணி கேட்டார். நான் கொண்டுவந்து குடுக்கறதுக்குள்ள..."

அவர் உப்புத்தாளை மறுபடியும் மடித்தார்.

அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. என்ன மனிதர் இவர்! கடைசி வார்த்தையை எப்படியும் தானே பேசிவிட வேண்டும். செத்தாவது ஜெயிக்க வேண்டும். இனி இதற்கு அவள் எங்கே போய் எதிர்ப்பேச்சு பேசுவாள்? சிரித்தாராம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வந்தது சிரிப்பா அழுகையா என்று பாலீஷ்காரருக்குத் தெரியவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் உப்புத்தாளை வாங்கி, அதிலிருந்த சிகரெட்டை எடுத்துக்கொண்டு, முகத்தைக் கழுவாமலே உள்ளே போனாள். சித்தப்பாவின் முன்னால் நின்று கையை நீட்டினாள்.

"இந்தாங்க. அப்பா உங்ககிட்ட வாங்கினது."

சித்தப்பா குனிந்து பார்த்தார்.

"முழுசாத்தான் இருக்கு. பார்த்துக்குங்க. வாங்கும்போது அவர் என்ன சொல்லி வாங்கினார்?"

கூடத்தில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவின் உதடு அசைந்தது. "காதுல வைக்க ஒண்ணு குடுன்னார். பாப்பா, சத்தியமா நான் நம்பல. யாரும்மா நம்புவா?"

அவளும்தான் நம்பியிருக்க மாட்டாள். அதை அவரிடம் சொல்லவில்லை. "வெச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். பையில் இருந்த பெட்டியோடு சேர்க்க அவருக்குக் கை போகவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை அலமாரிமேல் இருந்தது. அதற்குள் அப்பாவின் கைக்கடிகாரத்தோடு வலது காதுப் பென்சிலும் கிடந்தது. பட்டையான தச்சுப் பென்சில், உளியால் சீவியது. அவள் அதை எடுத்து முழங்காலில் வைத்து அழுத்தினாள். லேசில் உடையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். 'டக்'கென்று இரண்டானது.

தூக்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய், ஒரு பாதிப் பென்சிலை வலது காதில் வைத்தாள். மற்றதை இடது காதில் வைத்தாள். முட்டுக் கொடுத்திருந்த துணியை உருவி எறிந்துவிட்டு, இரண்டு கையாலும் அவர் தலையை நேராக நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா முக்காலியிலிருந்து எழுந்து வந்தாள்.

"அப்படி இல்லடி" என்றாள். "கூர்முனை பின்னால இருக்கணும். முன்னால வெச்சா கண்ணைக் குத்தும்னு சொல்லுவார்."

அம்மா குனிந்து, வலது காதிலிருந்த பென்சிலை எடுத்து, திருப்பி வைத்தாள்.